பாதி வழியில் திரும்பிய கப்பல்

சனிக்கோளின் நிலவொன்றில் சுரங்க ஆட்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கோதுமை மூட்டை ஏற்றிப் போன கப்பலில் சுரங்கத்தின் புது மேனேஜரும் இருந்தார். எட்டு நாள் பயணம். நாலாம் நாள் இரவு, நிலவிலிருந்து சேதி வந்ததும் மேனேஜர் ஓட்டுநரின் அறைக்குள் பாய்ந்தார்.

"பணிய மாட்டாங்களாம்! கப்பலைத் திருப்பும்மா, பட்டினி கிடக்கட்டும்!"

ஓட்டுநரின் தங்கை அங்கேதான் பாறை உடைக்கிறாள். "கைக்குழந்தைங்க இருக்கு சார்."

"திருப்பலைன்னா உனக்கு வேலை கிடையாது!"

"ஏன் சார் கத்துறீங்க? இதோ திருப்பிட்டேன்."

ஜன்னலில் நட்சத்திரங்கள் அரைவட்டம் அடித்தன. கப்பலின் மூக்கு ஊரைப் பார்த்தது.

"இன்ஜினை முழுசா விடு!"

"விட்டாச்சு சார்."

நாலு நாள் வந்த வழி, நாலு நாளில் வீடு என்று தானே கணக்குப் போட்டுக்கொண்டு, மேனேஜர் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

எட்டாம் நாள் கப்பல் நின்றது. பெட்டியும் கையுமாகக் கதவைத் திறந்தவருக்கு எதிரே முந்நூறு சுரங்க ஆட்கள் நின்றார்கள்.

"அடிப்பாவி! திருப்பச் சொன்னேனே!"

"திருப்பினேனே சார். பாதி வழி வரைக்கும் வேகம் ஏறிக்கிட்டே வந்துச்சு. அதைக் குறைக்கணும்னா மூக்கைத் திருப்பி, மீதி வழி முழுக்க இன்ஜினை எதிர்ப்பக்கம் தள்ள விடணும். அப்பத்தான் இங்க வந்து நிக்கும். நீங்க வாயே திறக்கலைன்னாலும் அந்த நேரத்துக்கு நான் திருப்பித்தான் இருப்பேன். கொஞ்சம் ஒதுங்குங்க, மூட்டை இறக்கணும்."