உம்மாவின் முகத்தைப் பார்க்காதே

அச்சிமுகம்மது மரைக்கார் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, விளையாட்டுப் பெட்டியின் பின்பக்கத்தை உரக்க வாசித்தார்.

"பிள்ளை மணிக்கணக்காகத் தனியே விளையாடும். அம்மாவுக்கோ முழு நிம்மதி!"

வாசித்துவிட்டுப் பெட்டியை மேசையில் வைத்தார். ஹோலில் இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் அறை வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கேதான் ஸகியா நின்றாள்.

அந்த வரி அவள் எழுதியது.

கொழும்பில் உள்ள ஒரு விளையாட்டுச் சாமான் கம்பனிக்கு வீட்டிலிருந்தபடியே பெட்டி வாசகம் எழுதுவதும், அட்டையில் கட்டம் போட்டு விளையாடும் புதுப்புது விளையாட்டுகளை யோசித்துக் கொடுப்பதும் அவளுடைய தொழில். கல்முனைக் கடையில் இந்தப் பெட்டியை முதன்முதலாகக் கண்டபோது, "இது என்ட வசனம்" என்று புருஷன் ஜெஸீமுக்குச் சின்னப்பிள்ளை போலத் துள்ளிக் காட்டியதும் அவள்தான். அவனும் வாங்கிக் கொண்டுவந்து அலுமாரிக்கு மேல் வைத்தான். தலாக் ஆகித் தன் ஊரான ஒலுவிலுக்குப் போனபோது உடுப்புகளோடு அதையும் கட்டிக்கொண்டு போயிருக்கிறான் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. விவரமானவன்.

வீடு ஸகியாவின் சீதன வீடு. அதனால் வெளியேறியது அவன். வெளியேறியவன் பெருநாளைக்குப் பெருநாள் மகனுக்கு உடுப்போடு வந்து, பாதிக் கோப்பைத் தேத்தண்ணியோடு எழும்பிவிடுவான். ஹம்திக்கு ஏழு வயது நிறைந்ததும் திடீரென்று பாசம் பொங்கி, பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்காரையும் கூட்டிக்கொண்டு பிள்ளையைக் கேட்டு வந்திருக்கிறான்.

"புள்ள தனிய கெடந்தாத்தான் அவக்கு நிம்மதியாம். எழுதியே வெச்சிரிக்கா," என்றான் ஜெஸீம்.

ஸகியாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சவர்க்காரத்துக்கு வசனம் எழுதுகிறவன் எல்லாம் அந்தச் சவர்க்காரத்திலா குளிக்கிறான்? காய்ச்சலில் கிடந்த ஹம்தியை மடியில் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் தட்டி அனுப்பிய வரி அது. சொல்ல வாய் வந்தது. சொன்னால் அழுதுவிடுவோம் என்று பயந்து விழுங்கிக்கொண்டாள்.

மரைக்கார் தொண்டையைச் செருமினார். பிள்ளைக்கு விவரம் தெரிகிற வயது வந்துவிட்டது, யாரோடு இருப்பது என்று அவனே சொல்லட்டும், சொன்னதை இரண்டு பக்கமும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றார். ஸகியாவின் காக்கா றிஸ்வான் தங்கச்சியைப் பார்த்தான்.

அவள் ஓம் என்று தலையாட்டினாள்.

அவளுக்குப் பயமே இருக்கவில்லை. ஹம்தி பொய் சொல்ல மாட்டான். அப்படித்தான் அவனைப் பழக்கியிருந்தாள்.

ஒரு விளையாட்டைக் கம்பனிக்கு அனுப்புமுன் அவனோடுதான் விளையாடிப் பார்ப்பாள். பாயில் இரண்டு அட்டைகளை விரிப்பாள். ஒன்று அவள் செய்தது. மற்றது வேறு யாரோ செய்து கடையில் விற்பது. பகடை உருட்டினால் சூது என்று ஓதல்பள்ளி லெப்பை முணுமுணுப்பார்; அதனால் இரண்டுக்கும் புளியங்கொட்டைதான். ஆடி முடித்ததும் கேட்பாள், எதைத் திரும்ப விளையாட ஆசை என்று.

முதலில் எல்லாம் அவன் அவள் முகத்தை ஒரு தரம் பார்ப்பான். பிறகு அவளுடைய அட்டையில் விரலை வைப்பான்.

"உம்மாட முகத்தப் பாக்காத மகன். எனக்காகச் சொன்னா அது பொய்," என்று திரும்பவும் கேட்பாள். அவன் மற்ற அட்டையைக் காட்டும்வரை கேட்பாள். காட்டியதும் தலையைத் தடவி, உள்ளங்கையில் ஒரு புளி டொபியை வைப்பாள்.

பல நாள் உழைப்பு வீணாய்ப் போவது அவளுக்கும் வலிக்கத்தான் செய்தது. ஆனால் எங்கே பிழை என்று அப்போதுதானே தெரியும்? தாய்க்காகக்கூட மனச்சாட்சியை விற்காத பிள்ளையை வளர்க்கிறேன் என்று காக்காவிடம் பெருமையடித்தும் இருக்கிறாள்.

"இஞ்ச வாங்க மகன்," மரைக்கார் ஹம்தியைத் தன் முன்னால் நிறுத்தினார். "வாப்பா இந்தப் பக்கம். உம்மா அந்தப் பக்கம். நீங்க ஆரோட இரிக்க ஆச?"

ஹம்தி அறை வாசலைப் பார்த்தான்.

ஸகியா சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். யோசித்துச் செய்யவில்லை, தொழில் பழக்கம். சாடை காட்டினாள் என்று நாளைக்கு ஜெஸீம் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். சுவரில் பல்லியொன்று ஓடியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாப்பாவோட."

ஜெஸீமே இதை எதிர்பார்க்கவில்லை என்பது, கோப்பையைப் பிடித்திருந்த அவன் கை பாதி வழியில் நின்றதில் தெரிந்தது.

மரைக்கார் பெருமூச்சு விட்டார். "புள்ளையே சொல்லிட்டான். இதுக்கு மேல ஆரு என்ன கதைக்கிற?"

றிஸ்வான் எழும்பி வெளியே போய்விட்டான். ஸகியா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருசம் தூக்கி வளர்த்தவளை விட்டுவிட்டு, பெருநாளைக்கு வந்துபோகிறவனிடம் போக இந்தப் பிள்ளைக்கு எப்படி மனம் வந்தது? மகன்மீது, பெற்ற நாள் முதல் வராத கோபம் வந்தது.

ஹம்தி ஆம்பிளைகளின் கால்களுக்கிடையால் நுழைந்து அவளிடம் ஓடிவந்தான். குனிந்த தலை நிமிரவில்லை.

"நான் ஒங்கட முகத்தப் பாக்காமத்தான் சொன்னன் உம்மா," என்றான்.

வலது உள்ளங்கையை விரித்து நீட்டினான்.