குறுக்கே நின்ற வண்டி

"ஏம்மா, ரோடு என்ன உங்க வீட்டு வாசலா? இப்படிக் குறுக்கே போட்டு வெச்சிருக்கீங்க!"

காரிலிருந்து தலையை நீட்டிக் கத்தினான் வெண்டல்.

மலைப் பூங்காவுக்கு ஏறுகிற ஒரே ரோடு அது. அதை அடைத்துக்கொண்டு ஒரு பழைய பிக்கப் வண்டி. அதன் படியில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கில் காபி குடித்துக்கொண்டிருந்தாள் மேவிஸ். ஐம்பது தாண்டியவள், நல்ல வாட்டசாட்டமான பெண்மணி.

"நின்னு போச்சு தம்பி. இழுத்துட்டுப் போக ஆள் சொல்லியிருக்கேன்."

"எப்ப வருவாங்க?"

"சாயங்காலம் ஆகும்."

"சாயங்காலமா? விளங்கிடும்!"

"கத்தாத வெண்டல், பிள்ளை பயப்படுது" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி ரோஷெல்.

கத்தாமல் என்ன செய்வான், பாவம்! வெண்டல் கடற்படைக் கப்பலில் மெக்கானிக். நாளைக் காலையில் கப்பல் கிளம்புகிறது. திரும்பி வர அடுத்த கோடை ஆகிவிடும். பின் சீட்டில் இருந்த டெஸ்ஸா, சான் டியேகோ வெயிலில் வளர்ந்த பிள்ளை. பனியில் விளையாடியதே இல்லை. உச்சியில் இருக்கிற ஏரிக்கரையில் அப்பாவும் மகளுமாகப் பனி மனிதன் செய்வதாகப் பேச்சு. அதற்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

அரசாங்கம் வேறு கடையை மூடியிருந்தது. வாஷிங்டனில் கட்சிக்காரர்கள் பட்ஜெட்டுக்கு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்கள். அது பாஸாகும் வரை அமெரிக்கா பூராவும் அரசு ஆபீஸ்களுக்குப் பூட்டு, ஊழியர்களுக்குச் சம்பளமும் இல்லை.

வெண்டல் காரை விட்டு இறங்கினான்.

"வர்ற வழியெல்லாம் இதே கூத்து. தகவல் ஆபீஸ் பூட்டு. கக்கூஸ் பூட்டு. கேட்ல ஈ காக்கா இல்ல. கேட்டையாவது தொறந்து வெச்சிருக்காங்களேன்னு வந்தா, நீங்க நடுரோட்ல கடை விரிச்சிருக்கீங்க!"

"பூட்டுறதுக்கும் ஆள் வேணுமே தம்பி. அதான் தொறந்து கிடக்கு."

"எனக்குந்தான் சம்பளம் வரல. அதுக்காகக் கப்பல் ஏறாம இருக்கேனா? இந்தப் பூங்கா ஆளுங்களுக்கு மட்டும் சாக்கு கிடைச்சாப் போதும், குப்புறப் படுத்துத் தூங்குவாங்க!"

மேவிஸ் காபியை ஒரு வாய் குடித்தாள்.

பின்னால் வந்த ஒரு வேன்காரர் ஹாரன் அடித்து, வாயில் வந்தபடி திட்டிவிட்டு, வந்த வழியே திரும்பினார். மேவிஸ் அவருக்குக் கையாட்டி வழியனுப்பினாள்.

"நகருங்கம்மா, நான் பார்க்கிறேன். இன்ஜின் விஷயம் உங்களுக்கு எங்க புரியப் போகுது!"

"ஐயோ, வேண்டாம் தம்பி! கையெல்லாம் அழுக்காயிடும்."

"என் கைக்கு அழுக்கு என்ன புதுசா?"

பானெட்டைத் தூக்கினான். குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தான்.

"பேட்டரி ஒயரைக் கழட்டி விட்டிருக்கு. தானா கழண்டது இல்ல, கையால கழட்டினது!"

மேவிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரோஷெல், கேட்டியா இந்த அநியாயத்தை? வண்டிக்கு ஒண்ணுமே இல்லையாம்! ஏம்மா, என் பிள்ளையை அழ வெச்சுப் பார்க்கிறதுல உங்களுக்கு என்ன சந்தோஷம்?"

மேவிஸ் ஃபிளாஸ்க்கை மூடினாள்.

"மேலே தெரியுதே, அந்த வளைவு வரைக்கும் நடந்து போய்ட்டு வா தம்பி. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டு."

வெண்டல் விடுவிடுவென்று போனான். மழையில் நனைந்த தார் ரோடு மாதிரிதான் தெரிந்தது. வளைவில் காலை வைத்ததும் சர்ரென்று வழுக்கி, பொத்தென்று விழுந்தான். ஓரத்துக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான். அடியே தெரியாத பள்ளம்.

நொண்டிக்கொண்டே திரும்பி வந்தான்.

"கண்ணாடி மாதிரி உறைஞ்சு கிடக்கும்மா!"

"தினம் காலையில பூங்கா ஆளுங்க நாங்கதான் பனியை வழிச்சு மணல் போடுவோம். பனி வழிக்கிற பெரிய வண்டி இருக்கே, அதை ஓட்டுறவ நான். இப்ப வீட்டுக்குப் போன்னுட்டாங்க. சம்பளம் வேண்டாம், சும்மா செய்யறேன்னாலும் விட மாட்டாங்க. அது சட்டப்படி தப்பாம், வேலையே போயிடுமாம்."

"வாயால சொல்லலாமே?"

"சொன்னேனே! 'எங்க காருக்கு நாலு சக்கரமும் இழுக்கும், நீ உன் சோலியைப் பாரு'ன்னு போறாங்க. போன தடவை இப்படி மூடினப்போ ஒரு குடும்பமே அந்தப் பள்ளத்துல போச்சு தம்பி. தூக்கி விடக்கூட ஆள் இல்ல." மேவிஸ் வளைவுப் பக்கம் கையைக் காட்டினாள். "ஐஸுன்னா ஒருத்தரும் நம்பல. வண்டி ரிப்பேர்னா உடனே நம்பறாங்க. அதான் தினமும் இங்க வந்து ரிப்பேர் ஆகிக்கிறேன். சொந்த வண்டி ரிப்பேர் ஆகக் கூடாதுன்னு சட்டம் இருக்கா என்ன?"

வெண்டல் பின் சீட்டில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தான். அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

"மன்னிச்சிடுங்கம்மா."

"அதை விடு. அந்த மரத்தடியில முழங்கால் அளவு பனி கிடக்கு. பனி மனுஷனுக்கு ஏரி எதுக்கு? பாப்பாவை இறக்கு. மூக்குக்கு என் சாப்பாட்டு டப்பாவுல கேரட் இருக்கு."

பனி மனிதனுக்குத் தலை வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய கறுப்புக் கார் வந்து ஹாரனை அலற விட்டது.

"யோவ்! யாருய்யா வண்டியைக் குறுக்கே போட்டது? எடுங்கய்யா!"

மேவிஸ் எழுந்தாள். அவளைக் கையமர்த்திவிட்டு வெண்டல் பானெட்டுக்குள் குனிந்தான். இரண்டு கையிலும் கிரீஸை அப்பிக்கொண்டு கறுப்புக் காரிடம் போனான்.

"இன்ஜினே போச்சு சார். கப்பல் மெக்கானிக் நான் சொல்றேன், இது இன்னிக்கு நகராது!"