பச்சை முடிச்சு

அபிராமபுரம் கடையில், மகளின் நிக்காஹ்வுக்குப் பார்த்த லெஹங்காவைக் குல்சும் உள்பக்கமாகப் புரட்டினாள்.

"இன்னாம்மா, ரங்கநாதன் தெரு கடையாட்டம் புரட்டிக்கினு கீற? இவங்க எவ்ளோ பெரிய டிசைனர் தெரியுமா!" மகள் மஹ்விஷ் நெளிந்தாள்.

"எங்க தையலுக்கு ஈடே கிடையாது மேடம்" என்றாள் விற்பனைப் பெண்.

"நான் போட்டுக்கினு இருக்கிற தி.நகர் ரெடிமேட் குர்த்தியும் குறைச்சல் இல்லம்மா."

குல்சும் குர்த்தியின் ஓரத்தை மடித்துக் காட்டினாள். தையல் முடியும் இடத்தில் பச்சை நூலில் மூன்று சின்ன முடிச்சுகள். லெஹங்காவிலும் அதே இடத்தில் அதே முடிச்சுகள்.

மஹ்விஷின் பள்ளிச் சீருடைகளிலும் அவை இருந்தன. போன வருடம் இறந்துபோன அவளுடைய அத்தா, குல்சுமின் கணவர் வலியுல்லா, எதைத் தைத்தாலும் அப்படித்தான் முடிப்பார்.

"ரெண்டு கம்பெனிக்கும் உங்கத்தாதான் தைச்சாரு" என்றாள் குல்சும்.

மஹ்விஷ் முடிச்சுகளைத் தடவிப் பார்த்துவிட்டு விற்பனைப் பெண் பக்கம் நிமிர்ந்தாள்.

"இதையே எடுத்துக்குறேங்க. நீங்க சொன்னது நெசம்தான். ஈடே கிடையாது."