பழைய டீசல்

"பழைய டீசலுக்கு மாத்திடலாம். நான் சொல்றதைக் கேளுங்க," என்றார் மருத்துவமனையின் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் ரெயோ.

டூலிக்கி ஜெனரேட்டரின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். சீராக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று ஒருமுறை திக்கியது. அறையின் விளக்கு மங்கி மீண்டது.

பனிப்புயலில் மின்கம்பி அறுந்துவிட்டது. வட ஃபின்லாந்தின் அந்தச் சிறிய மருத்துவமனை முழுவதும் இந்த ஒரே இயந்திரத்தை நம்பி இருந்தது. அதில் எரிந்தது டூலிக்கி உருவாக்கிய எரிபொருள். ஓட்டல்களில் மிஞ்சும் எண்ணெயிலிருந்து எடுத்தது, கரும்புகை வராது. இந்தக் குளிர்காலத்தில்தான் முதல் சோதனை.

மின்சாரம் போன சற்று நேரத்துக்கெல்லாம் அவள் மூச்சிரைக்க ஓடிவந்தது ரெயோவுக்கு ஆச்சரியம்தான். எண்ணெய் மேல் அவ்வளவு பாசம் போலும் என்று நினைத்துக்கொண்டார்.

இயந்திரம் மறுபடி திக்கியது.

"குளிர்ல எண்ணெய் மெழுகாட்டம் உறைஞ்சு ஃபில்டரை அடைக்குது," என்றாள்.

"அதைத்தானே சொல்றேன்."

"மாத்தணும்னா எஞ்சினை நிறுத்திட்டுக் குழாயைக் கழட்டணும். உள்ளே காத்து புகுந்துட்டா?"

"ஆபரேஷன் அறைக்குப் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். அதுக்குள்ள கிளப்பிடலாம்."

"கிளம்பலைன்னா?"

ரெயோவுக்குக் கோபம் வந்தது. "மேல ஆபரேஷன் நடக்குது, தெரியும்ல? வயித்தைத் திறந்து வெச்சிருக்காங்க. யாரோ பெத்த பிள்ளை. உங்க ஆராய்ச்சி தோத்துடக் கூடாதுன்னு அதோட உயிர்ல விளையாடாதீங்க."

"வெந்நீர் இருக்கா?"

காப்பிக்காகக் கொதித்துக்கொண்டிருந்த கெண்டியை அவர் காட்டினார். டூலிக்கி கழுத்திலிருந்த கம்பளித் துண்டை உருவி ஃபில்டரைச் சுற்றிக் கட்டி, மேலே ஊற்றினாள். அவசரத்தில் பாதி அவள் மணிக்கட்டில் விழுந்தது. தோல் சிவந்தது. அவள் கவனிக்கவில்லை.

சத்தம் இன்னும் தாழ்ந்தது. ரெயோ நிறுத்தும் பொத்தானை நோக்கி நகர்ந்தார். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"தொடாதீங்க, ரெயோ. கெஞ்சிக் கேட்கிறேன்."

"நீங்க மனுஷிதானா?"

விளக்கு செந்நிறமாகச் சுருங்கியது. மிச்ச வெந்நீரையும் ஊற்றினாள். இயந்திரம் இருமியது, நின்றேவிட்டது என்று ரெயோ கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த கணம் அடைப்பு விட்டதுபோல் சத்தம் மெல்ல மேலேறியது. விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அதன் பிறகும் அவள் நகரவில்லை. தண்ணீரைச் சுடவைப்பதும் ஊற்றுவதுமாக இருந்தாள். ரெயோ அவளுக்கு முதுகைக் காட்டியபடி மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகு நேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"இங்கேயா இருக்கீங்க, டூலிக்கி? வராந்தா முழுக்கத் தேடிட்டு வர்றேன். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. நீலோ கண் முழிக்கிறப்ப அம்மா பக்கத்துல இருக்க வேண்டாமா, வாங்க."