பிணத்துக்கு வந்த போன்

செத்துக் கிடந்தவனின் பாக்கெட்டில் போன் அடித்தது.

"யாருடா இந்த நேரத்துல?" என்றது பூதம், அவன் நெஞ்சில் வைத்த காலை எடுக்காமலே. பிணம் ஒரு கண்ணைத் திறந்து போனைப் பார்த்தது. "அம்மா" என்றது.

படம் எடுத்துக்கொண்டிருந்த சூனியக்காரி கேமராவை இறக்கினாள். பூசியிருந்த சாயத்தை மீறி மூன்று முகத்திலும் பயம் தெரிந்தது.

அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் தொடர்களின் ரசிகர் மாநாட்டில் கடைசி நாள் அது. கொம்பும் வாலும் நீல முடியுமாக அரங்கு முழுக்க ஒரே கூட்டம். இவர்கள் மூவரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. பிணமாகப் படுத்திருந்தவன் ஒல்லி என்பதால் எல்லோருக்கும் குச்சி. பூதமாக வந்தவனுக்கு வேஷம் போடாத நாளிலும் பூதம் என்றுதான் பெயர்.

குச்சி நெஞ்சில் குத்தியிருந்த தெர்மாகோல் கத்தியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினான். அங்கேதான் கொஞ்சம் சத்தம் குறைவு.

"ஹாலுக்குப் போயிட்டியா?"

"வாசல்லதாம்மா நிக்கிறேன். இப்பதான் உள்ள விடுறாங்க."

"பேனா எடுத்துக்கிட்டியா?"

"ரெண்டு இருக்கும்மா."

"ஒரே பேப்பரை எத்தனை தடவைடா எழுதுவ? இந்தத் தடவையும் கோட்டை விட்ட, உன் ரூம்ல இருக்கிற பொம்மை, போஸ்டர் ஒண்ணு விடாம குப்பை வண்டியில ஏத்திடுவேன். நான் சொன்னா செய்வேன்னு தெரியும்ல?"

தெரியும். போன பரீட்சைக்கு டிவியையே தூக்கிப் பரணில் போட்டவள். ஏதோ ஒரு கம்பெனியில் நாளெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே, அவன் பார்க்கிற அனிமே சத்தத்தைக் கேட்டு, "வீட்லயாவது அந்தக் கத்தல் இல்லாம இருக்கட்டும், நிறுத்துடா" என்பாள். குச்சி ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொள்வான்.

வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தான். சூனியக்காரிக்குப் பாவமாக இருந்தது.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலடா. என் வண்டியில கொண்டுபோய் விடுறேன். மூஞ்சியை மட்டும் கழுவிக்க." அவள் ஒரு பேப்பரிலும் தோற்றவள் இல்லை. அதனால் இப்படியெல்லாம் பேச வரும்.

"நீ சும்மா இரு. அந்தப் பேப்பர் எங்க ஓடிடப் போகுது? அடுத்த தடவையும் வரும், அதுக்கு அடுத்த தடவையும் வரும். மின்னல் முடியன் வருவானா?" என்றது பூதம்.

அதுதான் விஷயம். 'மின்னல் முடியன்' தொடரில் வருகிற பதினாலு வயசுப் பொடியனுக்கு நம் மொழியில் குரல் கொடுப்பது யார் என்று இதுவரை ஈ காக்கைக்குத் தெரியாது. வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் கட்டளையாம். தொடர் முடிந்துவிட்டதால் இன்றைக்குத்தான் முதல்முறையாக ஆள் வருகிறார். குலுக்கலில் விழுந்தவர்கள் மட்டும் ஒவ்வொருவராகத் திரைக்குள் போய்க் கையெழுத்து வாங்கலாம். வாழ்க்கையில் ஒரு ரப்பர் பந்துகூட ஜெயிக்காத குச்சிக்குக் குலுக்கலில் விழுந்திருந்தது.

வரிசையில் நின்றார்கள். பூதம் அளக்க ஆரம்பித்தது.

"ஆளு ஆறடி இருப்பாருடா. கழுத்து அப்படியே அடிமரம் மாதிரி இருக்கும். அந்தக் கத்து கத்தணும்னா சும்மாவா?"

"எப்படி வேணா இருக்கட்டும். நீ பாத்த உடனே கால்ல கீல்ல விழுந்து மானத்தை வாங்காதே" என்றாள் சூனியக்காரி.

"விழுந்தாலும் விழுவேன்" என்றான் குச்சி.

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் நாலு பேர் சேர்ந்து அவனைத் தினமும் அழவைத்த வருஷம் ஒன்று உண்டு. அதை வீட்டில் சொல்ல வெட்கம். ராத்திரி போர்வைக்குள் மின்னல் முடியன்தான் துணை. "எழுந்திருடா, ஆட்டம் இன்னும் முடியல" என்று அந்தப் பொடியன் போடுகிற சத்தத்தைக் கேட்ட பிறகுதான் காலையில் பையைத் தூக்கத் தெம்பு வரும். அதற்கு ஒரு நன்றி சொல்லாமல் போனால் கட்டை வேகாது என்று நினைத்தான். பரீட்சை, பொம்மை, போஸ்டர் எல்லாம் அதற்கப்புறம்தான்.

"அடுத்தவர் வரலாம்" என்று திரையை விலக்கினார்கள்.

உள்ளே ஆறடியும் இல்லை, அடிமரமும் இல்லை. மேசைக்குப் பின்னால் தொளதொள அங்கியில் ஒரு சின்ன உருவம். தலையில் மின்னல் முடியனின் மஞ்சள் டோப்பா, முகத்தில் மின்னல் முடியனின் அட்டை முகமூடி. கடைசி நாளிலும் முகத்தைக் காட்ட மாட்டார்களாம். குனிந்து கையெழுத்துப் போட்டபடியே அந்த உருவம் கேட்டது.

"யார் பேருக்குப்பா போடணும்?"

அதே குரல். குச்சி மேசையை நெருங்கினான். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த நாலு வாக்கியமும் பரீட்சை ஹாலில் மறப்பதுபோலவே மறந்து போயின.

"பேரெல்லாம் வேணாங்க" என்றான். "ஒண்ணே ஒண்ணு சொல்லணும். சின்ன வயசுலேர்ந்து எனக்கு எதைப் பாத்தாலும் பயம். உங்க குரலைக் கேட்டாத்தான் தைரியமே வரும். இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான்."

கண் கலங்கி, பிணத்துக்குப் பூசிய சாயம் கன்னத்தில் கோடாக இறங்கியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

பேனா பாதிக் கையெழுத்தில் நின்றது. முகமூடி மெல்ல நிமிர்ந்து அவனை மேலும் கீழும் பார்த்தது. அடுத்து வந்தது மின்னல் முடியனின் குரல் இல்லை.

"அப்போ அங்க பரீட்சையை யாருடா எழுதுறா?"