இரண்டு குழிப் பகை

பிரியாணிக் கடைகளின் பக்கம் அண்ணனின் முதுகு தெரிந்ததும், பூவம்மாள் மகளை இழுத்துக்கொண்டு அமைச்சரின் கட்-அவுட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பனை உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்த அமைச்சரால் அன்றைக்கு ஜனங்களுக்குக் கிடைத்த ஒரே பிரயோசனம் அந்த மறைவுதான்.

தஞ்சாவூரில் அரசாங்கம் நடத்திய கலை, உணவுத் திருவிழா. எல்லாம் இலவசம் என்று ஆட்டோவில் மைக் கட்டிக் கத்திவிட்டுப் போனதை நம்பி, வீட்டில் உலை வைக்காமல் கிளம்பி வந்திருந்தார்கள். உள்ளே நுழைவதும் பேச்சைக் கேட்பதும் மட்டும்தான் இலவசம் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

பூவம்மாளின் புருஷன் சிங்காரவேலு, அமைச்சர் தொண்டையைச் செருமியதுமே எழுந்துவிட்டார். தப்பாட்டம் எங்கே நடக்கிறது என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர் இன்னும் திரும்பவில்லை. இந்த நேரத்தில் போயும் போயும் துரைராசு அண்ணன் இங்கே வந்து நிற்க வேண்டுமா?

திருவையாற்றுக்குக் கிழக்கே இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த வயல். சர்வேக்காரர்கள் அளந்துவிட்டுப் போனபோது, சிங்காரவேலுவின் வரப்போரம் இரண்டு குழி நிலம் துரைராசுவின் பட்டாவில் ஏறிவிட்டது. பத்து மாடு படுத்தால் பதினோராவது மாட்டுக்கு இடம் இருக்காது. அதற்காக மச்சானும் மாப்பிள்ளையும் ஒன்பது வருஷமாகத் தஞ்சாவூர்க் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள்.

மகள் பெரியவளானபோது தாய்மாமன் சீர் வரவில்லை. அண்ணன் மகன் கல்யாணத்தன்று, மேளச் சத்தம் காதில் விழ விழ, பூவம்மாள் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் பேரை எடுத்தாலே வீட்டில் சொம்பு பறக்கும்.

வாய்தா நாளில் சிங்காரவேலு ராத்திரிச் சோற்றைத் தொடவே மாட்டார். அவன் மூஞ்சியைப் பார்த்துவிட்டு வந்த வயிற்றில் சோறு எப்படி இறங்கும் என்பார். பூவம்மாளும் சாப்பிடாமல், சோற்றில் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவாள்.

அன்றைக்குக் காலையில்கூட, துரைராசு எதிரே வந்தால் ஒரு தலை உருளும் என்று பஸ்ஸில் கண்டக்டருக்கே கேட்கும்படி சிங்காரவேலு சொல்லியிருந்தார். அது இப்போது பூவம்மாளுக்கு நினைவுக்கு வந்தது. மகளைக் கரகாட்ட மேடைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டுப் புருஷனைத் தேடி ஓடினாள்.

பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரரிடம் சொல்லலாமா என்று பார்த்தாள். அவர் ஒரு கையில் லத்தியும் மறு கையில் பஜ்ஜியுமாக நின்றார். இவரை நம்பி ஒரு தலையையும் விட முடியாது என்று அவளே கூட்டத்தை இடித்துக்கொண்டு பிரியாணிக் கடைக்குப் போனாள். அங்கே அண்ணனைக் காணவில்லை. கடைக்குப் பின்பக்கம் தட்டியைத் தாண்டி யாரோ உறுமுவது போல் கேட்டது.

தட்டியை விலக்கினாள்.

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் ஒரு தட்டு. துரைராசு ஒரு நல்லி எலும்பைத் தேடியெடுத்துச் சிங்காரவேலு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். சிங்காரவேலு உறுமவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

அவளைக் கண்டதும் சிங்காரவேலு வாயில் இருந்ததை முழுசாக விழுங்கினார். "இப்பதான் எதேச்சையா பாத்தேன், பூவு," என்றார். "நேருக்கு நேர் பாத்ததும் மனசு கேக்கல."

துரைராசு தலையை மட்டும் ஆட்டினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அண்ணே," என்றாள் பூவம்மாள். எச்சில் கையோடு இருந்த அண்ணனின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஓடிப்போய் மகளைக் கூட்டிவந்து மாமனுக்குக் கும்பிடு போடச் சொன்னாள். துரைராசு மருமகளின் தலையில் கையை வைத்துவிட்டு வேறு எங்கோ பார்த்தார்.

கும்பிடாத சாமி இல்லை, ஏறாத கோயில் இல்லை. கடைசியில் ஒரு திருவிழாப் பிரியாணியா இரண்டு பேரையும் சேர்த்துவைக்க வேண்டும்? பூவம்மாள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அமைச்சரை மனசார வாழ்த்தினாள். அடுத்த தேர்தலில் மொத்தக் குடும்ப ஓட்டும் அவருக்குத்தான் என்று அங்கேயே முடிவு செய்தாள்.

அண்ணனுக்குத் தன் கையால் வாங்கிப் போட வேண்டும் என்று முன்பக்கம் போனாள். அடுப்படியில் நின்ற கடைக்காரர் காதர் மைதீனிடம், கறி கொஞ்சம் தாராளமாக வைக்கச் சொன்னாள்.

"எங்கண்ணனும் வீட்டுக்காரரும் பாய்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒம்போது வருசத்துக்கப்புறம் இன்னைக்குத்தான் ஒண்ணா உக்காந்து சாப்புடுறாங்க."

காதர் மைதீன் கரண்டியை நிறுத்திவிட்டுத் தட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நம்ம கடை எப்பவும் கோர்ட்டு வாசல்லதாம்மா இருக்கும். வாய்தாவுக்கு வாய்தா அவங்க ரெண்டு பேரும் ஒரே தட்டுலதான் சாப்புடுவாங்க."