ஓடை திரும்பிய இடம்

கடலோர ஊர் ஒன்றில், கடைத்தெருவுக்கு அடியில் ஓர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஊரே அதனால் வந்ததுதான். கட்டுமரங்களில் வந்திறங்கியவர்கள் அதன் நன்னீரைக் குடித்துப் பார்த்துவிட்டு, இரு கரையிலும் குடிசை போட்டார்கள். குடிசைகள் வீடுகளாகி, வீடுகள் கடைகளானபோது, இடம் போதாமல் ஓடையின் மேல் கல் பாவி மூடிவிட்டார்கள்.

ஓடைக்கு அது ஆறாத மனக்குறை. "என்னை ஒருத்தரும் நினைப்பதில்லை. இந்த மழைக்குத் தெருவைப் பிளந்துகொண்டு மேலே வரப்போகிறேன்" என்றது, தன்னோடு குடியிருந்த நண்டிடம்.

நண்டு பதறிப்போனது. "மேலே குழந்தை குட்டிகள் இருக்கிறார்கள், அக்கா. அவசரப்படாதே, நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று கல்லிடுக்கு வழியாக ஏறிப்போய், சாயங்காலம் திரும்பி வந்தது.

"யாரைப் பார்த்தாய்?" என்றது ஓடை.

"உன்னைத்தான்."

"நான் இங்கே அல்லவா இருக்கிறேன்?"

"மேலே தெரு நேராகப் போகவில்லை, அக்கா. நீ வளைகிற இடத்தில் அதுவும் வளைகிறது. நீ அகலுகிற இடத்தில் சந்தை கூடுகிறது. ஆட்டோக்காரர்கூட உன் போக்கிலேதான் ஓட்டுகிறார்."

ஓடை தன் வளைவைத் தானே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டது.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. ஓடை தளும்பிக் கல்லை முட்டியது. ஆனால் பிளக்கவில்லை. தெருவில் தேங்கிய தண்ணீரையெல்லாம் வாரிக்கொண்டு, வளைவில் பக்குவமாகத் திரும்பிக் கடலுக்குப் போனது. மேலே, குடை பிடித்து வந்த ஒருத்தியும் அதே இடத்தில் திரும்பினாள்.